கேட்டில் சிவப்புச் சாயமும் சங்கத்துக் காசும்

மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம் வசிக்கும் ஒரு சகோதரி எழுதிய ஆறு பக்கக் கடிதத்துக்கான பதில் இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது 42. பிறை வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கணவர் லோரி ஓட்டுநர். மகள் நான்காம் படிவம், மகன் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. கைப்பேசிச் சூதாட்டத்தில் விட்ட காசைப் பிடிக்கப் போய், கணவர் ஓர் ஆலோங்கிடம், அதாவது அனுமதியில்லாமல் வட்டிக்கு விடுபவரிடம், 5,000 வெள்ளி (ரிங்கிட்) கடன் வாங்கியிருக்கிறார். கையில் வந்தது 4,000தான். வாரா வாரம் 500 வட்டி. மனைவியின் ஐசி (அடையாள அட்டை) நகலையும் அவருக்குத் தெரியாமலே கொடுத்திருக்கிறார்.

மே மாதம் அந்த ஆட்கள் இந்தச் சகோதரி வேலை செய்யும் இடத்துக்கே போன் போட்டபோது, இவர் பயந்துபோய்த் திருச்சபையின் மாதர் சங்கச் சேமிப்பிலிருந்து 4,200 வெள்ளியை எடுத்துக் கட்டிவிட்டார். சங்கத்துக்கு இவர்தான் பொருளாளர். அது வட்டிக்கே போயிற்று. ஒரு மாதம் கழித்து நடுராத்திரியில் வீட்டுக் கேட்டில் அந்த ஆட்கள் ஊற்றிய சிவப்புச் சாயம். தெருவிளக்குக் கம்பத்தில் இவருடைய ஐசி படம் ஒட்டிய தாள். அன்றிலிருந்து ஏழு வாரமாக இவர் சபைக்குப் போகவில்லை. "கேட்டைக் கழுவிவிட்டேன் ஐயா, என் முகத்தைத்தான் கழுவ முடியவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

அவர் கேட்பவை: பாலம் தாண்டிப் பினாங்குத் தீவுப் பக்கம் வேறு சபைக்குப் போய்விடலாமா? டிசம்பரில் ஆண்டுக் கணக்கு பார்ப்பதற்குள் ஒரு கூட்டு (சீட்டு) பிடித்து, யாருக்கும் தெரியாமல் காசைத் திருப்பி வைத்துவிடலாமா? இது கடவுள் கொடுத்த தண்டனையா?

அன்புள்ள சகோதரி,

நான் பதிவு பெற்ற மனநல ஆலோசகன். போதகர் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. இந்த மூன்று பேரும் உங்களுக்குத் தேவைப்படுவார்கள். எந்த இடத்தில் யார் என்பதை அங்கங்கே சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை நான் கடைசி வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். "நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நிம்மதி" என்று எழுதி, அதன்மேல் ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறீர்கள். அடித்திருந்தாலும் படிக்க முடிகிறது. அந்த நினைப்பு எப்போதாவது வந்து போகிறதா, தினமும் வருகிறதா, எப்படி என்று யோசிக்கும் அளவுக்குப் போயிருக்கிறதா என்பது எனக்குத் தெரிய வேண்டும். தினமும் வருகிறது என்றால் இந்தப் பதிலை அப்படியே வைத்துவிட்டு இன்றைக்கே அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது மனம் உடைந்தவர்களிடம் போனில் பேசும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணை அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள். "போலீஸ் கேஸாகிவிடும்" என்று பலர் இதை வெளியில் சொல்வதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை மலேசியா 2023-லேயே நீக்கிவிட்டது. உதவி கேட்பதால் உங்கள்மேல் வழக்கு வராது.

சரி, இனி மற்றவை.

இரண்டு மூட்டைகள்

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போது பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். "வெட்கம்", "அவமானம்", "தலைகுனிவு" என்ற சொற்கள் பதினேழு இடத்தில் வருகின்றன. பதினான்கு இடத்தில் அவை சாயத்தையும் கம்பத்தில் ஒட்டிய தாளையும் அக்கம்பக்கத்தார் பார்வையையும் பற்றியவை. சங்கத்துக் காசைப் பற்றி மூன்றே இடம்.

இது எனக்கு முக்கியமாகப் பட்டது. சாயம் அடித்தது நீங்கள் இல்லை. கடன் வாங்கியதும் நீங்கள் இல்லை. உங்கள் ஐசி நகல் போனதுகூட உங்களுக்குத் தெரியாது. அங்கே நீங்கள் பாதிக்கப்பட்டவர். 4,200 வெள்ளி மட்டும் உங்கள் கை செய்தது. முதலாவது உங்கள்மேல் வந்து விழுந்தது, இரண்டாவது நீங்கள் செய்தது. வெட்கம் இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி உங்கள் தலையில் ஏற்றிவிட்டது. அதனால்தான் தூக்கவும் முடியவில்லை, இறக்கி வைக்கவும் முடியவில்லை. சாயத்துக்காக நீங்கள் எத்தனை நாள் அழுது மன்னிப்புக் கேட்டாலும் மனசு லேசாகாது, மன்னிக்க அங்கே ஒன்றுமில்லை. காசுக்காகச் செய்ய வேண்டியதைச் செய்யவும் உங்களிடம் தெம்பு மிச்சமில்லை, அதையெல்லாம் சாயம் தின்றுவிட்டது.

தண்டனையா என்று கேட்டீர்கள். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு என்ன சொன்னார் என்பது உங்களுக்குத் தெரியும்: "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல." சாயத்தின் வரிசையைப் பாருங்கள். சூதாட்டம், கடன், வட்டி கட்ட முடியாமை, மிரட்டல். இதில் ஒவ்வொரு படியிலும் மனிதக் கை தெரிகிறது. அடியாள் ஒருவன் டப்பாவோடு வந்து ஊற்றியதைக் கர்த்தரின் கணக்கில் எழுதாதீர்கள்.

ஏதேன் தோட்டத்தில் வெட்கம் வந்ததும் ஆதாம் ஒளிந்துகொண்டான். அப்போது தேவன் கேட்ட முதல் கேள்வி, "நீ எங்கே இருக்கிறாய்?" என்பது. என்ன செய்தாய் என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த அதிகாரம் முடிவதற்குள் அத்தியிலையைத் தைத்துக் கட்டிக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும் தேவனே தோல் உடை செய்து உடுத்துகிறார். தோட்டத்தைவிட்டு அனுப்பினார், உண்மைதான். வெறும் உடம்போடு அனுப்பவில்லை.

இன்னொரு வசனம். எபிரெயர் 12-ல் இயேசு "அவமானத்தை எண்ணாமல், சிலுவையைச் சகித்து" என்று நம் வேதாகமத்தில் இருக்கிறது. அங்கே உள்ள கிரேக்கச் சொல்லுக்கு அற்பமாக நினைத்தல், இகழ்தல் என்ற பொருள் உண்டு. ரோமர்கள் சிலுவையை வலிக்காக மட்டும் வைக்கவில்லை, ஊர் பார்க்க ஆளை உரித்து நிறுத்துவதற்காகவும்தான் வைத்தார்கள். கம்பத்தில் உங்கள் படத்தை ஒட்டியவனின் நோக்கமும் அதேதான். அந்த நோக்கத்தை இயேசு மதிக்கவில்லை. நீங்கள் மதிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இதைச் சொல்வது சுலபம், நடுத்தெருவில் கேட்டைக் கழுவுவது கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் கழுவினீர்களே.

ஆலோங் விஷயத்தில் உங்கள் உரிமை

"கணவர் கடன் மனைவி கடன்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். குடும்பப் பேச்சில் அப்படித்தான் சொல்வோம். சட்டம் அப்படிச் சொல்வதில்லை. நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை கணவரின் கடனுக்கு நீங்கள் பொறுப்பாளி ஆவதில்லை. ஐசி நகல் கையெழுத்து ஆகாது.

அடுத்தது, அனுமதி இல்லாமல் வட்டிக்கு விடுவதே 1951-ஆம் ஆண்டின் வட்டித்தொழில் சட்டப்படி குற்றம். அபராதம் 250,000 வெள்ளியில் தொடங்கிப் பத்து லட்சம் வரை போகலாம், ஐந்து ஆண்டு வரை சிறையும் உண்டு. அப்படிக் கொடுத்த கடனை நீதிமன்றம் போய் வசூலிக்கவும் முடியாது. அனுமதி பெற்றவர்கள்கூட அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. உங்கள் கணவர் 5,000-க்கு வாரம் 500 கட்டினாரே, அது ஆண்டுக்கு 520 விழுக்காடு. கணக்குப் போட்டுப் பார்த்தேன், எனக்கே கை நடுங்கியது.

ஆகவே போலீஸில் ரிப்போர்ட் செய்யுங்கள். மிரட்டல் வாட்ஸ்அப் செய்திகள், சாயம் அடித்த படம், கம்பத்தில் இருந்த தாள், காசு போட்ட வங்கிக் கணக்கு எண் எதையும் அழிக்காதீர்கள். ரிப்போர்ட் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தொழிற்சாலை மனிதவளப் பிரிவில் ஒருவரிடமும், எதிர்வீட்டுக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆலோங் ஆட்களைத் தனியாகச் சந்திக்கப் போகவே கூடாது. ரிப்போர்ட் போட்ட மறுநாளே எல்லாம் நின்றுவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். இன்னொரு சுற்று மிரட்டல் வரலாம். சில வாரம் பிள்ளைகளை மாமியார் வீட்டில் விட முடிந்தால் நல்லது.

கணவர் ரிப்போர்ட் வேண்டாம் என்கிறார், மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்று வசனமும் காட்டுகிறார் என்றீர்கள். நானும் அவருக்கு ஓர் அதிகாரம் காட்டுகிறேன், 1 சாமுவேல் 25. நாபால் என்பவனின் முட்டாள்தனத்தால் நானூறு பேர் பட்டயத்தோடு வீட்டை நோக்கி வருகிறார்கள். அவன் மனைவி அபிகாயில் புருஷனிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் கழுதைகள்மேல் அப்பமும் பழமும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுப் போய் வீட்டையே காப்பாற்றுகிறாள். வேதம் அவளைப் புத்திசாலி என்கிறது, அடங்காதவள் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு ஆபத்து வரும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குக் கீழ்ப்படிதல் என்று பெயரில்லை.

கணவருக்கு வங்கி அட்டைக் கடனும் 18,000 இருப்பதால் திவாலாகிவிடுவாரோ என்று பயப்படுகிறீர்கள். ஒரு லட்சம் வெள்ளிக்குக் குறைந்த கடனுக்குத் திவால் வழக்கு தொடர முடியாது. வங்கிக் கடனுக்கு ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பு இருக்கிறது. நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-ல் தொடங்கியது, ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை, மாதத் தவணையை வங்கிகளோடு பேசிக் குறைத்துத் தருவார்கள். கணவர் தானே போக வேண்டும். ஆலோங் கடனை அவர்கள் தொட மாட்டார்கள். சூதாட்டப் பழக்கத்துக்குத் தனியாக வைத்தியம் வேண்டும், அரசாங்கக் கிளினிக்கில் கேட்டால் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். அதுவரை அவர் சம்பளக் கார்டு உங்கள் கையில் இருக்கட்டும். அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், திருந்துகிறேன் என்று அவர் சொல்வதற்கு எவ்வளவு மதிப்பு என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

அந்த 4,200 வெள்ளி

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

கூட்டு பிடித்துத் திருப்பி வைப்பது என்ற யோசனையை விட்டுவிடுங்கள். நம் மக்களிடம் கூட்டு அவ்வளவு பழகிப்போனதால் அது சட்டவிரோதம் என்பதே பலருக்கு மறந்துவிட்டது. 1971-லேயே அதற்குத் தடைச் சட்டம் வந்தாயிற்று. அதைவிட எனக்குக் கவலை வேறு. கூட்டில் முதல் சீட்டு எடுத்துவிட்டு ஒரு மாதம் கட்ட முடியாமல் போனால், இன்னும் பத்துப் பேர் முகத்தில் முழிக்க முடியாத நிலை வரும். ஒரு வெட்கத்தை மூட இன்னொரு வெட்கம். உங்கள் கணவர் ஆலோங்கிடம் போனதும் இதே வழியில்தான்.

திருப்பிக் கட்ட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. "கர்த்தர் மன்னித்துவிட்டார், போதாதா" என்று உங்கள் அக்கா சொன்னாராம். வரி வசூலிப்பவனான சகேயு அப்படி நினைக்கவில்லை. இயேசு அவன் வீட்டுக்குள் வந்துவிட்டார், ஊர் முணுமுணுக்கிறது, அவன் எழுந்து நின்று நாலத்தனையாகத் திரும்பக் கொடுப்பேன் என்கிறான். நாலு மடங்கு உங்களுக்கு வேண்டாம். மாதம் 350 என்றால் பன்னிரண்டு மாதத்தில் 4,200. உங்கள் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) மூன்றாம் கணக்கில் ஏதாவது இருந்தால் அதை எடுத்து முதல் தவணையாக வைக்கலாம். அந்தக் காசு ஒரு சென்கூட ஆலோங்குக்குப் போகக்கூடாது.

யாரிடம் சொல்வது என்பதுதான் கஷ்டமான கேள்வி. இதைப் பற்றி நான் பல வருடமாக யோசித்திருக்கிறேன். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும், அவரைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவும் ஒரே இரவில் விழுந்தவர்கள். யூதாஸ் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. "பாவஞ்செய்தேன்" என்று வாய்விட்டுச் சொன்னான், முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான். ஆனால் போனது தவறான ஆட்களிடம். "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று ஆசாரியர்கள் கையை விரித்துவிட்டார்கள். அதன்பிறகு அவன் பக்கத்தில் ஒருவரும் இல்லை. பேதுரு மனங்கசந்து அழுதான், ஆனாலும் மற்றச் சீஷர்களை விட்டுப் போகவில்லை, அவர்களோடுதான் மீன் பிடிக்கப் போனான். கரையில் இயேசு கரிநெருப்புப் போட்டு வைத்திருந்தார். மறுதலித்த இரவில் பேதுரு குளிர்காய்ந்ததும் கரிநெருப்பில்தான். யோவான் இரண்டு இடத்திலும் அதே சொல்லை எழுதுகிறார். அதே புகை வாசனையில் மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்வி. ஆனால் கேள்விக்கு முன்னால் சாப்பாடு போட்டார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாப்பாட்டில்தான் மனசு நிற்கும்.

உங்களுக்கும் சாப்பாடு போட்டுவிட்டுக் கேட்கும் ஆள் வேண்டும். போதகரின் மனைவியிடம் சொல்லத் தயங்குகிறீர்கள், காரணமும் எழுதியிருக்கிறீர்கள். நம் சபைகளில் 'ஜெபக்குறிப்பு' என்ற பெயரில் ஊர்க்கதை எப்படிப் பரவும் என்பது எனக்கும் தெரியும். அதனால் அவர் வேண்டாம். மாதர் சங்கத் தலைவியம்மாவைப் பற்றி நல்ல விதமாக எழுதியிருக்கிறீர்கள், உங்கள் மகள் பிறந்தபோது பத்தியச் சாப்பாடு கொண்டுவந்தவர் என்று. அவரிடமும் போதகரிடமும் ஒன்றாக உட்கார்ந்து பேசுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். பொறுப்பில் ஒப்படைத்த காசை எடுப்பது நம்பிக்கை மோசடி என்ற குற்றத்தில் வரும், ஓராண்டிலிருந்து பத்தாண்டு வரை சிறைத் தண்டனை உள்ள குற்றம். திருப்பிக் கட்டினாலும் குற்றம் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. ஆனால் தானாக வந்து சொல்லிக் கட்டுகிறவரை எவரும் பார்க்கும் விதம் வேறு, டிசம்பரில் கணக்குப் பார்க்கும்போது பிடிபட்டவரைப் பார்க்கும் விதம் வேறு. எதையும் எழுதிக் கொடுப்பதற்கு முன் பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உண்மையைச் சொல்வதற்கும் வழக்கறிஞரைப் பார்ப்பதற்கும் முரண்பாடு இல்லை. சொல்லும்போது சாயத்துக் கதையில் தொடங்காமல் காசில் தொடங்குங்கள். "நான் எடுத்தேன், 4,200, இந்தத் தேதியில், இப்படித் திருப்பிக் கட்டுகிறேன், பொருளாளர் பொறுப்பிலிருந்து இன்றே விலகிக்கொள்கிறேன்." காரணம் அப்புறம் வரட்டும். காரணத்தை முதலில் சொன்னால் அது சாக்குப்போலக் கேட்கும், உங்கள் காதுக்கே.

எந்தச் சபைக்கு?

தீவுப் பக்கம் போவது பாவமில்லை. ஆனால் இப்போது போனால் காசுக் கணக்கு முடியாமல் பின்னால் வந்துகொண்டே இருக்கும், அங்கே யாராவது "எந்தச் சபையிலிருந்து வந்தீங்க" என்று கேட்கும்போதெல்லாம் உங்களுக்கு வியர்க்கும். முதலில் கணக்கை முடியுங்கள். அதன்பிறகும் போகத் தோன்றினால் போங்கள்.

பக்கத்தில் உட்காரும் சகோதரி கைப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பார்த்துத்தான் இழுத்திருக்கலாம். உங்களுக்கு இடம் விட்டிருக்கலாம். வெட்கம் பிடித்தவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். சிலர் உண்மையிலேயே பேசுவார்கள், அதை நான் மறுக்கவில்லை. போதகர் பாடகர் குழுவிலிருந்து கொஞ்ச நாள் விலகி இருக்கச் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். சபைக்கு முன் நின்று எல்லாவற்றையும் சொல் என்று வற்புறுத்தினால் ஒத்துக்கொள்ள வேண்டாம். மத்தேயு 18-ல் இயேசு சொல்லும் ஒழுங்கே "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்றுதான் தொடங்குகிறது. ஒளிக்காமல் வந்து சொன்னவரை மேடையில் நிறுத்துவதற்கு அங்கே இடமில்லை.

முதல் நாள் தனியாகப் போகாதீர்கள். தலைவியம்மாவோடு போய், ஆராதனை தொடங்கிய பிறகு பின்வரிசையில் உட்கார்ந்து, முடியும் முன் எழுந்து வந்தாலும் பரவாயில்லை.

கடைசியாக உங்கள் மகன். "பெயிண்ட் கடைக்காரர்கள் தவறாக ஊற்றிவிட்டார்கள்" என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். பத்து பதினொரு வயதுப் பையன் அதை நம்பியிருக்க மாட்டான், வகுப்பில் யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். வீட்டில் எல்லாரும் ஒளிக்கிற ஒன்று இருக்கிறது என்பதைத்தான் அவன் இப்போது கற்றுக்கொண்டிருக்கிறான். அப்பா கெட்ட ஆட்களிடம் கடன் வாங்கிவிட்டார், அதைச் சரிபண்ணிக்கொண்டிருக்கிறோம், உன்மேல் ஒரு தப்பும் இல்லை என்ற அளவுக்குச் சொன்னால் போதும். முடிந்தால் அப்பாவே சொல்லட்டும். பள்ளி வாசலில் தெரியாதவர்கள் "உங்க அம்மா கூப்பிடறாங்க" என்று வந்தால் போகக்கூடாது என்பதையும் அதே பேச்சில் சொல்லிவிடுங்கள். வகுப்பாசிரியரிடம் திங்கட்கிழமையே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.